மலைவீட்டுக் குளிருக்கு எது முதலில்: புது ஜன்னலா, பெரிய ஹீட்டரா, இடுக்குகளை அடைப்பதா?

உதகை பெர்ன்ஹில் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வீடு கருங்கல் சுவரும் தகரக் கூரையும், கூரைக்குக் கீழே சில்வர் ஓக் பலகை அடித்த உள்கூரையும் கொண்ட பழைய கட்டடம். கூடத்தில் பல ஆண்டுகளாக நெருப்பு மூட்டாத ஒரு கணப்பும் (குளிர்காயும் சுவரடுப்பு) அதன் புகைக்குழாயும் இருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் இரவு எட்டு மணிக்கு மேல் அம்மாவால் அந்தக் கூடத்தில் உட்கார முடியவில்லை. அதனால் அந்த ஆண்டு எங்களால் ஒதுக்க முடிந்த தொகையை எதில் போடுவது என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. எல்லா ஜன்னல்களையும் யுபிவிசி எனும் கெட்டிப் பிளாஸ்டிக் சட்டமும் இரட்டைக் கண்ணாடியும் கொண்டவையாக மாற்றிவிடலாம் என்பது தம்பியின் யோசனை. இருக்கும் ஹீட்டரைவிடப் பெரியதாக ஒன்று வாங்கினால் போதும் என்றார் கடைக்காரர். மரவேலைக்கு வந்த ஆசாரி கதவுக்கும் ஜன்னலுக்கும் இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டையான பீடிங் வைக்கச் சொன்னார். உள்கூரைக்கு மேல் வெப்பக் காப்புப் பஞ்சு விரிக்கலாம் என்பது நான்காவது வழி.

இவற்றை அளவெடுத்தும் கணக்குப் போட்டும் ஒப்பிட்ட பிறகு நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறைபனிக் குளிர்தான் உங்கள் தொல்லை என்றால் முதல் செலவு புகைக்குழாய்க்கும் உள்கூரைக்கும் போக வேண்டும். அடுத்தது வாசற்கதவின் அடிப்பகுதி. ஜன்னல் அதற்குப் பிறகுதான். சாரலும் பருவக்காற்றும்தான் தொல்லை என்றால் இந்த வரிசை ஓரளவு தலைகீழாகும். விறகோ கரியோ எரிவாயுவோ எரிகிற அறையாக இருந்தால் இந்தக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு விதமாகத்தான் யோசிக்க வேண்டும். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் வெளிக்காற்று நுழைவதற்கு இரண்டு விசைகள் காரணமாகின்றன. ஒன்று, வெளியே வீசும் காற்று ஒரு பக்கச் சுவரை அழுத்தி, இருக்கும் இடுக்குகள் வழியே உள்ளே தள்ளுவது. மற்றொன்று, உள்ளே சூடான காற்று இலேசாகி மேலே ஏறி, மேல்மட்டத்து ஓட்டைகள் வழியே வெளியேற, அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று கீழ்மட்டத்து இடுக்குகள் வழியே இழுபட்டு வருவது. சமவெளியில் வெளிக்கும் உள்ளுக்கும் வெப்பநிலை வேறுபாடு குறைவு என்பதால் இந்த இரண்டாவது விசையைப் பற்றி யாரும் நினைக்க வேண்டியதில்லை. நீலகிரியில் அதுதான் பாதிக் கதை.

உறைபனி விழும் இரவு பெரும்பாலும் காற்றே இல்லாத இரவு. வானம் தெளிந்து, கற்பூர மரத்தின் இலைகூட அசையாமல் இருக்கும் நாளில்தான் தலைகுந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் விடியும்போது புல் வெளுத்துக் கிடக்கிறது. வெளியே அசைவே இல்லாத அந்த இரவிலும் கூடத்தில் உட்கார்ந்திருப்பவரின் கணுக்காலில் குளிர் ஊர்வதற்குக் காரணம், வீடே ஒரு புகைக்குழாய் போல வேலை செய்வதுதான். உள்ளே 18 டிகிரியும் வெளியே 4 டிகிரியுமாக இருக்கும்போது, 20 அடி உயரமுள்ள திறந்த புகைக்குழாய் நாம் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை விடாமல் மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்புக்கு ஈடு கொடுக்கக் கதவடியிலிருந்து குளிர்காற்று வரும். கதவடியில் சாக்கை மடித்துப் போட்டால் அது ஜன்னல் இடுக்கைத் தேடும். மேலே போகும் வழியை அடைக்காமல் கீழே வரும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தால் வேலை முடியவே முடியாது என்பதை நாங்கள் இரண்டு குளிர்காலங்களில் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

ஆனி, ஆடியில் நிலைமை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று உதகையின் மேற்குப் பக்கச் சுவர்களை நேராக அடிக்கும்போது உள்ளே வெளியே வெப்பநிலை வேறுபாடு அவ்வளவு பெரியதில்லை. காற்றின் அழுத்தம்தான் பெரியது. அப்போது மேற்குப் பார்த்த ஜன்னல்களும் கதவுகளும் முதன்மை பெறுகின்றன. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் கனமானது என்பதால் அங்கே கிழக்கும் வடகிழக்கும் பார்த்த சுவர்களை முதலில் பார்க்க வேண்டும். ஆகவே எதை முதலில் அடைப்பது என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, வீட்டில் யார் எந்த மாதத்தில் அதிகம் அவதிப்படுகிறார்கள் என்பதைத்தான்.

இனி ஓட்டைகளின் அளவுக்கு வருகிறேன். காற்றுக் கசிவைப் பற்றிப் பேசும்போது கண்ணில் படும் இடத்தையே எல்லோரும் சுட்டுகிறோம். பெரும்பாலும் அது ஜன்னல். அளவுநாடாவோடு உட்கார்ந்தபோது எங்கள் கூடத்தின் கணக்கு இப்படி வந்தது. புகைக்குழாய் 9 அங்குலச் சதுரம், அதாவது 81 சதுர அங்குலம். வாசற்கதவின் அகலம் 3 அடி, அதன் அடியில் அரை அங்குல இடைவெளி. 18 சதுர அங்குலம். கதவை மூடிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்துக்கு 4 அங்குலத்துக்கும் கூடுதலான ஒரு சதுர ஓட்டையைச் சுவரில் திறந்து வைத்திருப்பதற்கு இது சமம். இரண்டு ஜன்னல்களின் சுற்றளவும் தலைக்கு 14 அடி, சட்டத்துக்கும் ஷட்டருக்கும் நடுவே சராசரி ஒன்றரை மில்லிமீட்டர். இரண்டுக்கும் சேர்த்து 20 சதுர அங்குலம். உள்கூரைதான் எங்களை வியக்க வைத்தது. 12 அடிக்கு 12 அடி கூடத்தில் அரையடி அகலப் பலகைகள் 24; அவற்றுக்கிடையே 12 அடி நீளத்தில் 23 இணைப்புகள். அவற்றில் பாதி மட்டும், அதுவும் 1 மில்லிமீட்டர் மட்டும் பிரிந்திருந்தாலும் 65 சதுர அங்குலம் ஆகிவிடுகிறது. மொத்தம் 184 சதுர அங்குலத்தில் ஜன்னல்களின் பங்கு ஒன்பதில் ஒன்று. தம்பி இந்தக் கூட்டலை இரண்டு முறை தானே போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணா, அப்போ ஜன்னல் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றான்.

ஓட்டையின் பரப்பு மட்டும் போதாது, வெப்பத்தின் கணக்கும் வேண்டும். கூடத்தின் உயரம் 10 அடி. கன அளவு ஏறக்குறைய 41 கன மீட்டர். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்று கடலோரத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மெலிந்தது. ஆகவே சமவெளிக்குச் சொல்லப்படும் எண்களைக் குறைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். புகைக்குழாய் திறந்திருக்கும் பழைய கூடத்தில் அறைக்காற்று முழுவதும் மணிக்கு 5 முறை மாறுவதாக வைத்துக்கொண்டால், உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரி வேறுபாடு இருக்கும் நேரத்தில் கசிவால் மட்டும் ஏறக்குறைய 540 வாட் வெப்பம் போகிறது. அதே நேரத்தில் கருங்கல் சுவர், உள்கூரைப் பலகை, கண்ணாடி ஆகியவற்றின் ஊடாகக் கடந்து போவது என் கணக்கில் 900 வாட் அளவில் வருகிறது. இடுக்குகளை அடைப்பதால் எல்லாக் குளிரும் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; அடைப்பது மூன்றில் ஒரு பங்கைத்தான் தொடுகிறது. ஆனால் மிகக் குறைந்த செலவில் தொட முடிகிற பங்கு அதுதான்.

கசிவை மணிக்கு 1 முறை என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் 540 வாட் 110 வாட்டாகக் குறைகிறது, மிச்சம் 430. உள்கூரைக்கு மேல் 50 மில்லிமீட்டர் காப்புப் பஞ்சு விரித்தால் 250 வாட் அளவுக்கு மிச்சம். இரண்டு ஜன்னல்களுக்கும் இரட்டைக் கண்ணாடி போட்டால், கண்ணாடியின் ஊடாகப் போகும் வெப்பத்தில் 80 வாட் அளவுக்கே மிச்சம். கண்ணாடிப் பரப்பே 3 சதுர மீட்டர்தான் என்பதே காரணம். நாளைக்கு 5 மணி நேரம், 60 நாள் என்று பெருக்கினால் இவை முறையே 129, 75, 24 யூனிட் ஆகின்றன. சுவரின் தடிமன், வெளிச்சுவர்களின் எண்ணிக்கை, கண்ணாடியின் பரப்பு ஆகியவற்றைப் பொறுத்து உங்கள் வீட்டில் எண்கள் மாறும். பெரிய கண்ணாடி வைத்த புது வீடுகளில் ஜன்னலின் பங்கு கண்டிப்பாகக் கூடும். தடித்த கல்சுவரும் அளவான ஜன்னலும் கொண்ட பழைய வீடுகளில் வரிசை மாறாது என்றே நினைக்கிறேன்.

ஹீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விசிறி வைத்ததாயினும் கம்பி சிவப்பதாயினும் எண்ணெய் நிரப்பியதாயினும், ஒரு யூனிட் மின்சாரத்திலிருந்து கிடைக்கும் வெப்பம் ஒன்றுதான். விலை உயர்ந்ததால் கூடுதல் சூடு வருவதில்லை. வேறுபாடு, அந்த வெப்பம் நம்மை எப்படி வந்து சேர்கிறது என்பதில்தான். கசிவு மிகுந்த அறையில் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் தோற்றுப்போகும்; எதிரே இருப்பவர் மேல் நேராக வெப்பக்கதிரை வீசும் கம்பி ஹீட்டர் அங்கே மேல். 2,000 வாட் ஹீட்டரை நாளைக்கு 5 மணி நேரம் இடைவிடாமல் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 600 யூனிட். நம் மாநிலத்தில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதலில் ஒரு குறிப்பிட்ட அளவு யூனிட்டுக்குக் கட்டணமில்லை, மேலே போகப் போக யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுகிறது. ஆகவே அடைப்பதால் மிச்சமாகும் யூனிட்டுகள் எப்போதும் நம் கணக்கின் மிக விலையுயர்ந்த படியிலிருந்துதான் கழிகின்றன.

வெப்பமும் தரக்கூடிய ஏசி வகையை இங்கே நேர்மையாகச் சேர்க்க வேண்டும். அது மின்சாரத்தை நேராக வெப்பமாக்காமல் வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவருவதால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தருகிறது. எதையும் அடைக்காமலேயே எங்கள் கூடத்தின் மின்செலவை மூன்றில் ஒன்றாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. யூனிட் கணக்கில் மற்ற எல்லா வழிகளையும் அது வென்றுவிடுகிறது. ஆனால் வாங்கும் செலவு அதிகம், ஈரமும் கடுங்குளிரும் சேர்ந்த இரவில் வெளி அலகில் பனி படிந்து அதை உருக்க நடுநடுவே வேலையை நிறுத்தும், மின்சாரம் போனால் அதுவும் போகும். விருந்தினர் அறைகளை மாலை முதல் விடியும் வரை சூடாக வைத்திருக்க வேண்டியவர்களுக்கு அது பொருந்தும். மாலையில் நாலைந்து மணி நேரம் ஒரே அறையில் கூடியிருக்கும் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

யுபிவிசி ஜன்னலுக்கும் உரிய இடம் உண்டு. மழைக்காலத்தில் மரம்போல ஊதாது, வர்ணம் கேட்காது, சாரலை உள்ளே விடாது, சாலை இரைச்சலைக் குறைக்கும். அடிச்சட்டம் இற்றுப்போன ஜன்னலை மாற்றுவதாக இருந்தால் தயக்கமின்றி அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் சட்டம் உறுதியாக இருக்கும் தேக்கு ஜன்னலைப் பெயர்த்துவிட்டு அதைப் பொருத்துவது எனக்கு மனத்துக்கு ஒவ்வாதது. கருங்கல் சுவரில் பழைய நிலையைப் பெயர்த்தால் ஓரம் சிதைகிறது. புதுச் சட்டத்துக்கும் சிதைந்த ஓரத்துக்கும் நடுவே நுரையை அடித்து மேலே சிமென்ட் பூசி மறைத்துவிடுகிறார்கள். சரியாக நிரம்பாத இடத்தில் முன்பு இல்லாத புதுக் கசிவு உண்டாகிறது. இது என் தங்கை வீட்டில் கண்ணெதிரே நடந்தது.

அடைப்புப் பொருள்களில் தேர்வுதான் பலர் தவறும் இடம். கடையில் முதலில் கிடைப்பது ஒட்டும் நுரைப் பட்டை. சில நூறு ரூபாய்க்குள் ஒரு ஜன்னலை முடித்துவிடலாம், உரித்தெடுப்பதும் எளிது. ஆனால் அழுந்தி அழுந்தி ஓரிரு குளிர்காலத்தில் தட்டையாகிவிடும், ஈரத்தையும் உறிஞ்சும். கார்க் கதவுகளில் இருப்பதுபோன்ற உள்ளீடற்ற ஈபிடிஎம் ரப்பர் பீடிங் விலை கூடுதலென்றாலும் பல ஆண்டு தாங்கும்; அழுந்திய பின் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நம் மலைக்கு அந்தத் திரும்பும் குணம் மிக முக்கியம். மழைக்காலத்தில் ஊதியும் மாசி, பங்குனியில் சுருங்கியும் மரம் ஆண்டு முழுவதும் அசைந்துகொண்டிருக்கிறது. ஆடியில் கதவு இறுகுகிறது என்று ஆசாரியை அழைத்து இழைப்புளி போட்டுச் சீவுகிறோம். அதே கதவில் மாசியில் விரல் நுழைகிறது. எங்கள் வாசற்கதவின் அரை அங்குல இடைவெளி பிறந்த கதை அதுதான். பீடிங்கின் பருமனைத் தேர்ந்தெடுக்க இடைவெளியை மாசியில் அளக்க வேண்டும். ஒட்டிய பிறகு கதவு சாத்துகிறதா என்று ஆடியில் பார்க்க வேண்டும். கதவைச் சீவ வேண்டியிருந்தால் இரண்டையும் பார்த்த பிறகே சீவ வேண்டும்.

கதவடிக்குப் பிரஷ் பட்டை, ரப்பர் பட்டை என இரண்டு வகை உண்டு. வாசற்படி மேடுபள்ளமாக இருக்கும் பழைய வீட்டில் பிரஷ் வளைந்து கொடுக்கும். சாரல் அடிக்கும் கதவுக்கு ரப்பர்தான் நீரைத் தடுக்கும். முழுநீளத் துணிப் பையில் மணலையோ மரத்தூளையோ நிரப்பிக் கதவோரம் கிடத்துவது பழைய வழக்கம். அதில் ஒரு குறையும் இல்லை. இரவில் யாராவது எழுந்து வெளியே போய்வந்தால் மீண்டும் அதன் இடத்தில் தள்ளிவிட மறக்கக் கூடாது, அவ்வளவே.

அசையாத இடுக்குகளுக்கு, அதாவது நிலைக்கும் சுவருக்கும் நடுவே, குழாயும் மின்கம்பியும் சுவரைத் துளைத்து வரும் இடங்களில், சீலன்ட் எனப்படும் குழைமத்தைப் பிதுக்கி அடைக்கலாம். உள்பக்கத்துக்கு வர்ணம் ஏற்கும் அக்ரிலிக் வகை போதும். வெளிப்பக்கத்துக்கும் ஈரம் படும் இடத்துக்கும் சிலிகான் நல்லது. ஆனால் அதன்மேல் வர்ணம் நிற்காது. காடி வாசம் வரும் சிலிகான் வகை தகரத்தையும் பிற உலோகங்களையும் அரிக்கக்கூடியது என்பதால், கூரையோரத்துக்கு வாசமில்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். கல்சுவரின் இணைப்புகளில் பழைய சுண்ணாம்புக் காரை உதிர்ந்திருந்தால் அதே சுண்ணாம்புக் காரையால் நிரப்புவதே முறை. சிமென்ட் பூசினால் சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்பக்கம் திரும்பும். விரிந்து நிரப்பும் ஸ்ப்ரே நுரை பெரிய பொந்துகளுக்கு வசதியானது என்றாலும் வெயில் பட்டால் பொடிந்துவிடும், தீப்பற்றக்கூடியது; புகைக்குழாயின் அருகே அதைக் கொண்டுபோகவே கூடாது.

புகைக்குழாயை அடைப்பதற்கு எங்களுக்கு ஒரு துண்டு பிளைவுட்டும் ரப்பர் ஓரமும் போதுமானதாக இருந்தன. கணப்பின் தொண்டைப் பகுதிக்கு ஏற்ப வெட்டி, கீழிருந்து ஏற்றிப் பொருத்தி, அதிலிருந்து ஒரு சிவப்புத் துணியைக் கீழே தொங்கவிட்டிருக்கிறோம். அடைப்பு இருப்பது தெரியாமல் யாரும் விறகை அடுக்கி மூட்டிவிடக் கூடாது. செய்தித்தாளையோ பழந்துணியையோ திணித்து அடைப்பதை நான் ஏற்கமாட்டேன், அந்தக் காரணத்துக்காகவே. பலகையில் ஓர் அங்குலத் துளை விட்டு வைத்தால் குழாயின் உள்ளே ஈரம் தேங்காது. கணப்பை இன்னும் பயன்படுத்துபவர்கள் திறந்து மூடும் இரும்பு மூடியைப் பொருத்திக்கொள்ளலாம். தணல் முழுவதும் அணைந்து சாம்பல் குளிரும்வரை அதை மூடக் கூடாது.

உள்கூரை வேலையில் வரிசை மிக முக்கியம். உறைபனிக் காலையில் தகரம் வியர்த்துச் சொட்டுவதைத் தகரக் கூரை வீட்டில் வாழ்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் வரும் ஈரக்காற்று பலகை இடுக்குகள் வழியே மேலே ஏறிக் குளிர்ந்த தகரத்தில் படுவதால் அது நிகழ்கிறது. இடுக்குகளை அடைக்காமல் மேலே பஞ்சை மட்டும் விரித்தால், கீழிருந்து வரும் சூடு குறைந்து தகரம் இன்னும் குளிரும், சொட்டும் நீர் பஞ்சை நனைக்கும். நனைந்த பஞ்சு காப்பாகாது, பலகையும் மக்கும். ஆகவே அடைத்த பிறகே காப்பு. பலகைகளுக்கு நடுவே குழைமம் பிதுக்கினால் அடுத்த கோடையில் பிளந்துவிடும் என்பதால், இணைப்பின் மேல் மெல்லிய மரப்பட்டையை வைத்து ஒரு பக்கப் பலகையில் மட்டும் ஆணி அடித்தோம். மறுபக்கப் பலகை அதன் அடியில் ஊதிச் சுருங்க இடமிருக்கிறது. உள்கூரைக்கும் தகரத்துக்கும் நடுவேயுள்ள வெளியில் கூரையோரக் காற்று போய்வர வேண்டும்; எலி புகாதபடி வலை அடிக்கலாம், அடைத்துவிடக் கூடாது.

இனி, அடைக்கவே கூடாதவை. குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் விடியும்போது எழாமல் போன செய்திகளை இந்த மலைகளில் நாம் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். கரித்தணலில் புகை தெரியாது. அதனால் ஆபத்தில்லை என்று தோன்றுகிறது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் சேர்ந்துகொள்கிறது. தலைவலி, தூக்கக் கலக்கம், பிறகு எழ முடியாத சோர்வு என்று அது வருவதால் தூங்குபவருக்குத் தெரிவதே இல்லை. நன்றாக அடைத்த அறை இந்த ஆபத்தை மேலும் கூட்டுகிறது. இடுக்குகளை அடைத்த வீட்டில், புகைக்குழாயோடு இணைக்கப்படாத எந்த நெருப்பும், அது கரியாகவோ விறகாகவோ காஸ் ஹீட்டராகவோ இருந்தாலும், படுக்கையறைக்குள் வரவே கூடாது. பாட்டிகள் கட்டிலடியில் தணல் சட்டி வைத்துக்கொண்ட காலத்தில் ஓட்டுக் கூரையில் நூறு இடுக்குகள் இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

குளியலறையில் காஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அந்த அறையின் வென்டிலேட்டரைக் குளிருக்குப் பயந்து அட்டை வைத்து மூடுவது உயிரோடு விளையாடுவது. சமையலறையில் எரிவாயு சிலிண்டர் இருந்தால் தரைமட்டத்தில் ஒரு திறப்பு கட்டாயம் வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். எங்கள் வீட்டில் சமையலறையை அடைப்பு வேலையில் சேர்க்கவே இல்லை. அதற்கும் கூடத்துக்கும் நடுவேயுள்ள கதவுக்குப் பீடிங் வைத்ததோடு நிறுத்திக்கொண்டோம். கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலிக்கும் சிறு கருவியை, நெருப்பு எரியும் எந்த வீட்டிலும் பீடிங்குக்கு முன்பே வாங்க வேண்டும்.

நெருப்பில்லாத அறையிலும் அடைப்புக்கு எல்லை உண்டு. மணிக்கு 1 முறை என்று நான் கணக்கில் வைத்தது 41 கன மீட்டர் காற்று. இரண்டு பேர் தூங்கும் அறைக்குக்கூட அதற்குக் கீழே போவது நல்லதில்லை. பூசணம் பிடிக்கும் என்று அஞ்சி அடைக்கத் தயங்குபவர்கள் உண்டு. அந்த அச்சத்தில் பாதி உண்மை. ஈரத் துணியை உள்ளே காயப்போட்டு, சோற்றை மூடாமல் கொதிக்கவிட்டு, காற்றையும் அடைத்தால் பீரோவின் பின்பக்கச் சுவரில் நிச்சயமாகப் பூசணம் வரும். ஆனால் மழைநாளில் ஜன்னலைத் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும் என்பது, உள்ளே சூடேற்றும் வீட்டைப் பொறுத்தவரை சரியில்லை. 12 டிகிரியில் ஈரம் நிறைந்த வெளிக்காற்றை உள்ளே கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடுகிறது. அது சுவரை உலர்த்தும் காற்று. காலையில் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களை விரியத் திறந்துவிட்டு மூடுவது, இரவு முழுவதும் இடுக்கு வழியே காற்று கசிந்துகொண்டிருப்பதைவிட மேல். கல்சுவரில் தேங்கிய சூடு அந்தப் பத்து நிமிடத்தில் போய்விடாது.

தோடர்களின் பழைய வளைகூரைக் குடில் இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வருகிறது. குனிந்து தவழ்ந்துதான் நுழைய முடியும் என்ற அளவுக்குச் சிறிய ஒரே வாசல், ஜன்னல் கிடையாது. உள்ளே எரியும் அடுப்பின் புகை புல்வேய்ந்த கூரை வழியே மெல்லக் கசிந்து போகும். குளிர் நுழையும் வழியைச் சுருக்கிவிட்டு, புகை போகும் வழியை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் தேர்வு இன்னும் குறுகலானது. நெளிதகரம் சுவரின் தலையில் உட்காரும் இடத்தில் ஒவ்வொரு நெளிவுக்கும் ஓர் ஓட்டை இருக்கும். சாக்கைச் செருகி வைத்திருப்பார்கள். விறகடுப்பு எரியும் அறையில் அந்த ஓட்டைகள்தான் புகைபோக்கி, அவற்றைத் தொடக் கூடாது. படுக்கும் அறையில் மட்டும் நெளிவுக்கேற்ப வெட்டிய நுரைத் துண்டுகளை வைக்கலாம். கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் மணல்பை, பிரஷ் பட்டை, தரைவரை தொங்கும் கனத்த திரை, புகைக்குழாய்ப் பலகை ஆகிய நான்கோடு நின்றுகொள்ளலாம். வீட்டைக் காலி செய்யும்போது எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம்.

எதைச் செய்வதற்கு முன்னும், காற்றில்லாத குளிரிரவு ஒன்றில் ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கதவடியில் புகை உள்பக்கம் சாயும்; உள்கூரை அருகே மேலே உறிஞ்சப்படும்; கணப்பின் முன்னால் நேராகக் கிடைமட்டமாகவே போகும். அதே சோதனையை ஆடியில் காற்றடிக்கும் நாளிலும் செய்தால், இரண்டு பருவத்துக்கும் தனித்தனிப் பட்டியல் கிடைத்துவிடும்.

நாங்கள் முதல் ஆண்டில் புகைக்குழாய்ப் பலகை, உள்கூரைப் பட்டைகள், வாசற்கதவுக்குப் பிரஷ், இரண்டு ஜன்னல்களுக்கும் ரப்பர் பீடிங் ஆகியவற்றை முடித்தோம். பழைய ஹீட்டரே இருக்கிறது. அம்மா இப்போது ஒன்பதரை மணிவரை கூடத்தில் உட்காருகிறார்; காலுக்கு வெந்நீர்ப் பை மட்டும் கேட்கிறார். உள்கூரைக்கு மேல் பஞ்சு விரிப்பது வரும் மாசியில், பலகைகள் நன்றாக உலர்ந்த பிறகு. மேற்குப் பக்க அறையில் ஒரு ஜன்னலின் அடிச்சட்டம் இற்றுவிட்டது. அதை மட்டும் ஆனி பிறப்பதற்குள் யுபிவிசியாக மாற்றிவிடச் சொல்லித் தம்பி அளவு கொடுத்திருக்கிறான்.